முதுகைவிட்டு இறங்காத பை

மனிதனால் தன் முதுகைத் தானே பார்க்க முடியாது. ஆகையால் முதுகில் ஏற்றிக்கொள்ளும் எந்தச் சாமானையும் ஒன்றுக்குப் பத்துத் தடவை யோசித்தே தேர்ந்தெடுக்க வேண்டும். நான் யோசித்தேன். பத்துக்கு மேலேயே யோசித்தேன். அப்படி யோசிக்காமல், கையில் கிடைத்த பையை மாட்டிக்கொண்டு போயிருந்தால் எனக்கு ஒரு கெடுதலும் வந்திருக்காது.

அப்போது சிங்கப்பூரில் மின்சார டிராம் ஓடத் தொடங்கிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, ஆற்றங்கரையை ஒட்டிய ஓர் ஆபீசில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தேன். தற்காலிகக் கிராணி. குடியிருப்பு சிராங்கூன் ரோட்டில், மாட்டுக் கொட்டகைகளுக்குப் பக்கத்தில் ஒரு மாடி அறை. அங்கிருந்து ஆபீசுக்கு சைக்கிளில் போவேன். மாட்டு வண்டி, ரிக்‌ஷா, தலைச்சுமைக்காரர் எல்லோரையும் தாண்டிவிடலாம். டிராம் தண்டவாளத்தின் இடுக்கில் மட்டும் சக்கரம் இறங்கக்கூடாது. இறங்கினால், டிராம் எங்கே போகிறதோ அங்கேதான் நாமும் போக வேண்டும்.

எங்கள் பெரிய கிராணியார் அம்பலவாணர். அவரும் யாழ்ப்பாணத்தவர். வெள்ளைக் கோட்டின்மேல் மடிப்புக் கலையாத சால்வை போட்டு, ரிக்‌ஷாவில் வந்து இறங்குவார். சால்வை இல்லாமல் அவரைப் பார்த்தவர் ஆபீசில் ஒருவரும் கிடையாது. அவருக்கு நாகம்மா என்று ஒரு மகள். ஒரு வெள்ளிக்கிழமை சில காகிதங்களைக் கொடுக்க அவர் வீட்டுக்குப் போனபோது வாசற்படி தடுக்கிற்று. நான் விழவில்லை, காகிதங்கள்தான் விழுந்தன. உள்ளே திரைக்குப் பின்னால் ஒரு சிரிப்புக் கேட்டது. முகத்தைப் பார்க்கவில்லை. சிரிப்பை மட்டும்தான் கேட்டேன். எனக்கு அதற்குமேல் ஒன்றும் தேவைப்படவில்லை. தெரிந்தவர் ஒருவர் மூலமாகக் கேட்டு அனுப்பியதற்கு, "உத்தியோகம் நிரந்தரமாகட்டும், பிறகு பேசலாம்" என்று அம்பலவாணர் சொல்லியனுப்பினார். அந்தப் 'பிறகு'வை வைத்துக்கொண்டுதான் நான் மாதக்கணக்கில் சாப்பிட்டேன், தூங்கினேன்.

அந்த நேரம் பார்த்து ஒரு மழை வந்தது. வீட்டில் பிரதி எடுப்பதற்காகக் கொண்டுபோன ஆபீஸ் காகிதங்களைத் துணியில் சுற்றி சைக்கிள் பிடியில் கட்டியிருந்தேன். ஆபீசில் அவிழ்த்தபோது எல்லாத் தாளும் ஒரே நீல நிறம். அம்பலவாணர் ஜன்னலுக்கு ஜன்னல் கயிறு கட்டச் சொல்லி, தாள்களை வரிசையாகத் தொங்கவிட்டார். மற்றக் கிராணிமார் குனிந்து குனிந்து தாள்களுக்கு அடியால் போனார்கள்.

"தம்பி, இது கந்தோரோ, வண்ணான் துறையோ?" என்று பெரிய கிராணியார் கேட்டார். (ஆபீசை அவர் கந்தோர் என்றுதான் சொல்வார்.)

"மழை ஐயா."

"மழை எல்லாருக்கும்தான் பெய்தது. நாங்கள் நனையேல்லையே. உந்தச் சைக்கிளில வாறவனுக்கு ஒரு நிலை இல்லை." பிறகு குரலைத் தாழ்த்தினார். "வாற புதன்கிழமை துரை வந்து உம்மடை விஷயம் முடிவெடுக்கப் போறார். அவருக்குக் குடுக்கிற அறிக்கையை வீட்டில வைச்சுத் திருத்தமாய் எழுதிக் கொண்டு வாரும். அதில ஒரு துளி ஈரம் கண்டனெண்டால், வேலையும் இல்லை, மற்றதும் இல்லை."

மற்றது என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை. திரைக்குப் பின்னால் சிரித்ததுதான் மற்றது.

அன்றே பை தேட ஆரம்பித்தேன். சைக்கிளை விட்டுவிட்டு ரிக்‌ஷாவில் போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். இருபத்து நான்கு வயதில் சைக்கிள் வைத்திருந்தவர் யாரும் அப்படிக் கேட்க மாட்டார்கள்.

முதலில் கேலாங் பக்கம் ஒரு பிரம்புக் கூடை பார்த்தேன். மலாய்க்காரர் முதுகில் மாட்டிக்கொண்டு சாமான் சுமப்பார்களே, அது. காற்றோட்டம் அருமை. முதுகு வியர்க்காது. ஆனால் காற்றைப் போலவே மழையும் தாராளமாக வந்து போகும். அடுத்து, ஏலக்கடையில் ஒரு பழைய சிப்பாய்ப் பை. பலகை மாதிரி விறைப்பு. மாட்டிக்கொண்டு ஓட்டிப் பார்த்தேன். குனிந்து மிதித்தால் அதன் மேல்விளிம்பு என் தொப்பியைப் பின்னாலிருந்து தள்ள, தொப்பி கண்ணை மூடிற்று. செலகி ரோடு முழுவதும், முன்னால் போகும் மாட்டு வண்டியின் சலங்கைச் சத்தத்தைக் கேட்டே ஓட்டினேன். தொப்பியை நிமிர்த்திப் பார்த்தபோது, நான் ஒரு வண்டிக்குப் பின்னால் அல்ல, இரண்டு வண்டிகளுக்கு நடுவில் இருந்தேன். பின்வண்டி மாடு என் தோளை முகர்ந்துகொண்டிருந்தது.

மூன்றாவது, தபால்காரர் மாட்டுவது போன்ற ஒற்றைவார்த் தோல் பை. நேராகப் போகும்வரை நல்ல பிள்ளை. திரும்பினால் முன்பக்கம் வந்துவிடும். ரோச்சோர் கால்வாய்ப் பாலத்தில் ஒரு திருப்பம்; என் பையை என் முழங்காலே உதைத்து, பை என் வயிற்றில் இடித்து, நான் பாலத்துக் கைப்பிடியைக் கட்டிக்கொண்டேன். (பாலத்தில் இருந்தவர்கள் எண்ணிக்கை பதினொன்று. எல்லோரும் சிரித்தார்கள்.)

ஆகவே, கடையில் கிடைக்கும் பை உதவாது, என் மூளையில் இருக்கும் பையைத் தைக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். எனக்குத் தெரிந்த சேகு மரைக்காயர் ரோச்சோர் ஆற்று முகத்தில் கப்பல் சாமான் கடை வைத்திருந்தார். நாகூர்க்காரர்; அண்ணன் என்ற அர்த்தத்தில் 'நானா' என்று அழைப்பேன். பாய்த்துணி, கயிறு, குங்கிலியம், தொங்கான் படகுகளுக்குப் பூசும் எண்ணெய் எல்லாம் அவரிடம் உண்டு. அவரிடம் என் நிபந்தனைகளைச் சொன்னேன். இரண்டு தோள்வார் வேண்டும். ஆடாமல் இருக்க மார்பில் ஒரு பட்டி வேண்டும். தொப்பியை இடிக்கக்கூடாது. தாள் மடங்கக்கூடாது. மூடி நீளமாகக் கீழே இறங்க வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, ஆற்றில் போட்டாலும் உள்ளே ஒரு சொட்டுப் போகக்கூடாது.

மரைக்காயர் வெற்றிலையை மெதுவாக மடித்தார். "என்ன கிராணித் தம்பி, ஒரு பொண்ணு பாக்கிறதுக்குக்கூட இவ்வளவு கேட்க மாட்டாங்களே?"

"பெண்ணை நான் பார்க்கவே இல்லை, நானா."

"அதான் பையைப் பாக்குறீங்களாக்கும்!"

பாய்த்துணியில் பை தயாராயிற்று. குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி ஒரு தரம் பூசினார்கள். நான் உள்ளே ஒரு வெள்ளைத் தாளைப் போட்டு, வெளியே வாளித் தண்ணீரை ஊற்றிப் பார்த்தேன். தாளின் ஓரத்தில் கடுகளவு ஈரம். இரண்டாம் தரம் பூசச் சொன்னேன். கடுகும் இல்லை. இருந்தாலும் எனக்கு மனம் கேட்கவில்லை. துரை வருவதற்கு முந்தின நாள் மாலையில் போய், மூன்றாம் தரமும் பூசச் சொன்னேன்.

"இதுக்கு மேல பூசினா இது பை இல்ல தம்பி, தொங்கான். நீங்க இதுல ஏறி நாகப்பட்டினமே போயிடலாம் லா."

"பூசுங்கள் நானா."

பூசிய பிறகு, ஆற்றுக் காற்றில் தொங்கவிட்டு, விளக்கு வைக்கும் நேரத்தில் விரலால் தொட்டுப் பார்த்தேன். காய்ந்ததுபோலத்தான் இருந்தது. லேசாகப் பசை. புதுப் பை என்றால் கொஞ்சம் பசை இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். (புதுப் பையில் ஏன் பசை இருக்க வேண்டும் என்று யாராவது கேட்டிருந்தால் பதில் கிடையாது. கேட்க ஆள் இல்லை.)

பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்பார்கள். எனக்குப் புதனும் கிடைத்தது. புதுப் பை எடுக்க நல்ல நேரம் பார்க்க வேண்டுமல்லவா? ஊரிலிருந்து வந்த பஞ்சாங்கம் பெட்டியில் இருந்தது. காலையில் எமகண்டம் வருகிறது. அதற்கு முன்னரே புறப்பட வேண்டும். ஆனால் பஞ்சாங்கம் யாழ்ப்பாணத்துக்குக் கணித்தது, நான் இருப்பதோ சிங்கப்பூர். படித்தவன் ஆகையால் இரண்டு ஊர்க் கடிகாரத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்குப் போட்டேன். கூட்ட வேண்டியதைக் கழித்துவிட்டேன். (உண்மையில் கூட்டவும் வேண்டாம், கழிக்கவும் வேண்டாம். இங்கே உதிக்கிற சூரியனைப் பார்த்து இங்கேயே கணித்திருக்கலாம். அது பிறகு தெரிந்தது.)

ஆகவே விடிந்தும் விடியாமலும் பைக்குச் சந்தனப் பொட்டு வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்கிப் புறப்பட்டேன். முழுக்கால் சட்டை, கழுத்துவரை பொத்தான் போட்ட கறுப்புக் கோட்டு. அம்பலவாணரின் ரிக்‌ஷா அந்த வழியாகத்தான் வரும். கோட்டு இல்லாத கிராணியை அவர் வீதியில் பார்க்கக்கூடாது. கோட்டுக்குள்ளே சட்டை போடவில்லை. கழுத்துவரை மூடிய கோட்டுக்குள் என்ன இருக்கிறது என்று யார் பார்க்கப் போகிறார்கள்? ஒரு பனியன் இருந்தது. அதில் ஏழு ஓட்டைகள் இருந்தன.

ஆபீஸ் வாசலை அடைந்தபோது கதவு திறக்க இன்னும் வெகுநேரம் இருந்தது. நல்ல நேரத்தில் தோளில் ஏற்றிய பையைக் காரியம் முடியுமுன் இறக்கலாமா? இறக்கக்கூடாது என்று தீர்மானித்தேன். ஆற்றைப் பார்க்காமல் ஆபீஸ் கதவைப் பார்த்து, பக்தன் சந்நிதிக்கு முன் நிற்பதுபோல நின்றேன். சூரியன் எனக்குப் பின்னால் ஏறிற்று. முதுகு இதமாகச் சுட்டது. கோயில் வாசனை வந்தது. நல்ல சகுனம் என்று நினைத்தேன். பிறகு சின்னஞ்சிறு கொசுத்தேனீக்கள் வந்தன. கொட்டாத சாதி. மரப்பிசினைத் தேடிக் கூடு கட்டுகிறவை. பத்தொன்பது வரை எண்ணினேன். பிறகு அவை கலந்துவிட்டன.

அம்பலவாணர் வந்து இறங்கினார். மூக்கை உயர்த்தினார்.

"கோயிலுக்குப் போயிட்டோ வாறீர்? நல்லது, நல்லது. அறிக்கை?"

"பையில பத்திரமாய் இருக்கு ஐயா."

"நனையேல்லையே?"

"நனையவே நனையாது ஐயா."

முகம் மலர்ந்துவிட்டது. அவர் என்னைப் பார்த்துச் சிரித்தது அதுதான் முதல் தடவை. உள்ளே போய் மார்புப் பட்டியை அவிழ்த்தேன். தோள்வாரைத் தள்ளினேன். நகரவில்லை. இன்னொரு தரம் இழுத்தேன். கோட்டு முழுவதும் கூடவே எழும்பிற்று.

"துரை வந்திட்டார். உந்தப் பையைக் கழட்டும்."

"கழட்டேலாது, ஐயா."

"ஏன் ஏலாது?"

"கோட்டோட ஒட்டிப்போச்சு."

"அப்ப கோட்டையும் சேர்த்துக் கழட்டும்!"

"அதுவும் ஏலாது, ஐயா."

"அது ஏன் காணும்?"

ஏழு ஓட்டைகளும் என் கண்முன் வந்தன. "ஏலாது, ஐயா" என்றேன்.

"சரி, மூடியைத் திறந்து அறிக்கையை மட்டும் எடும்."

என் கை எட்டவில்லை. அவரே பின்னால் வந்தார். மூடியும் பையோடு ஒன்றாகிவிட்டிருந்தது. நீர் புகாத பை கேட்டேன். கையும் புகாத பையாகக் கிடைத்துவிட்டது. விரலில் பிசின் ஒட்டவே, பெரிய கிராணியார் தம் சால்வைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு மூடியை நெம்பினார். இரண்டு கையாலும் அழுத்தி நெம்பினார். பிறகு நெம்புவது நின்றுவிட்டது.

"ஐயா?"

பின்னால் துணி இழுபடும் சத்தம் மட்டும் கேட்டது.

"ஐயா, திறந்திட்டுதோ?"

"அசையாதையும்," என்றார். குரலில் முன்பு கேட்காத ஒரு தணிவு. "சால்வை பிடிச்சிட்டுது."

அந்தச் சமயம் துரையின் மேசை மணி அடித்தது. எங்கள் ஆபீசில் அந்த மணி அடித்தால் கால் தானாகவே நடக்கும். என் கால் நடந்தது. அம்பலவாணர் சால்வையை விட்டிருக்கலாம். ஆனால் சால்வையில்லாமல் துரைமுன் நிற்பதைவிடச் சால்வையோடு இழுபட்டுப் போவது மேல் என்று அவர் ஒரு கணத்தில் முடிவு செய்திருக்க வேண்டும். எனக்குப் பின்னால் சின்னச் சின்ன அடி வைத்து வந்தார். அவருக்குப் பின்னால் தேனீக்கள் வந்தன.

துரை நிமிர்ந்து பார்த்தார். "உம்முடைய முதுகில் என்ன?"

"அறிக்கை, ஐயா."

"அதற்குப் பின்னால்?"

"பெரிய கிராணியார், ஐயா."

துரை எழுந்து, பின்புறத்தைப் பார்க்க மேசையைச் சுற்றி வந்தார். மேலதிகாரிக்கு முதுகு காட்டக்கூடாது என்பது எங்களுக்கு முதல் பாடம். அவர் வரவர, நானும் முகத்தை அவருக்கு நேரே வைத்தபடி மேசையைச் சுற்றி நகர்ந்தேன். நான் நகர நகர அம்பலவாணரும் சுற்றினார். "நில்லும் தம்பி, நில்லும்" என்று பல்லுக்குள் சொல்லிக்கொண்டே சுற்றினார். குங்கிலிய வாசனை அறையை நிறைத்தது. கதவுக்கு வெளியே மற்றக் கிராணிமார் அத்தனை பேரும் வரிசையாக நின்று பார்த்தார்கள். மூன்று சுற்று. மூன்றாவது சுற்று முடிவில் துரை, "நில்!" என்று ஒரு சத்தம் போட்டார். நின்றோம்.

காகிதம் வெட்டும் கத்தியை எடுத்தார். முதலில் சால்வையை அறுத்தார். ஒரு சாண் தலைப்பு பையிலேயே தங்கிற்று. பிறகு மூடியைக் கீறி, உள்ளேயிருந்த தாள்களை உருவினார். ஈரம் இல்லை, மடிப்பு இல்லை, ஓர் எழுத்தும் கலையவில்லை. அவர் நின்றபடியே எல்லாத் தாளையும் வாசித்தார். கடைசியில், என்மேல் இரக்கப்பட்டுப் பையையும் விடுவித்துவிடலாம் என்று கத்தியை அதற்கும் கோட்டுக்கும் நடுவே விட்டார். பை வந்தது. கோட்டின் முதுகும் அதனோடு வந்தது.

பனியனின் ஓட்டைகள் வெளிச்சத்துக்கு வந்தன. பிறகு அம்பலவாணரின் குரல் மெதுவாகக் கேட்டது. "உதுதானோ கழட்டேலாது எண்டனீர்?"

துரை, அறிக்கை நன்றாக இருக்கிறது, ஆளை நிரந்தரமாக்கலாம், பையை மட்டும் ஆபீசுக்குள் விட வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். வேலை கிடைத்துவிட்டது. ஆனால் பெரிய கிராணியார் அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை. மறுநாளும் இல்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. புதுச் சால்வையோடு வந்தார், போனார். நிரந்தரமான பிறகு பேசலாம் என்றவர், நிரந்தரமான பிறகுதான் பேச்சை நிறுத்தினார்.

மரைக்காயர் கேள்விப்பட்டு ஆறுதல் சொன்னார். "எமகண்டத்துக்கு முந்தித்தானே கிளம்புனீங்க? யாழ்ப்பாணத்து எமகண்டம்ல, கப்பலேறி இங்க வந்து சேர நேரமாயிருக்கும்." இது ஆறுதல் என்று அவர்தான் சொன்னார்.

என்னை உறுத்தியது அந்த ஒரு சாண் சால்வை. பெரியவர் ஒருவரின் சால்வைத் துண்டை எறிய முடியுமா? வைத்திருக்கவும் முடியுமா? பையிலிருந்து பிய்த்தால் நூல் நூலாக வரும். கடைசியில் ஒரு மாலை, பையையே தாம்பாளம்போல இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, சைக்கிள் இல்லாமல் நடந்தே அவர் வீட்டுக்குப் போனேன். போகும்போதே தெரியும், இதுதான் கடைசித் தடவை. கொடுத்துவிட்டு வந்துவிடுவது. மற்றது இல்லை.

அம்பலவாணர் வாசலுக்கு வந்தார்.

"என்ன?"

"ஐயாவின்ர சால்வைத் துண்டு. திருப்பித் தர வந்தனான்."

"தாரும்."

"பையோடதான் தரலாம், ஐயா."

திரைக்குப் பின்னால் யாரோ தும்முவதுபோல ஒரு சத்தம். அடுத்த நொடி அது சிரிப்பாக உடைந்தது. முன்பு கேட்ட அதே சிரிப்பு. இந்தத் தடவை அது நிற்கவில்லை. அடக்க அடக்கப் பெரிதாயிற்று. தாயாரின் குரல், "பேசாமல் இரு பிள்ளை" என்று அதட்டி, அதுவும் நடுவில் உடைந்துவிட்டது. அறுந்த சால்வையோடு வீட்டுக்குப் போனவர், காரணம் சொல்லித்தான் ஆகவேண்டியிருந்தது போலும். தினமும் சொல்ல வைத்திருக்கிறார்கள்.

அம்பலவாணர் திரையைப் பார்த்தார். பையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவருடைய மீசை கொஞ்சம் ஆடியதுபோல எனக்குத் தோன்றிற்று.

"ரெண்டு கிழமையாய் இந்த வீட்டில ஒருத்தியும் ஒழுங்காய்ச் சாப்பிடேல்லை. சோத்தை வாயில வைச்சால் சிரிப்பு," என்றார். "உள்ளுக்கு வந்து இரும். பையை வெளியில வையும்."

ஆவணியில் கலியாணம். சீர்த் தட்டுகளில் ஒன்றில் பன்னிரண்டு புதுப் பனியன்கள் இருந்தன, எண்ணிப் பார்த்தேன். தாலி கட்டியானதும் ஐயர் என் சால்வைத் தலைப்பையும் நாகம்மாவின் கூறைத் தலைப்பையும் சேர்த்து முடிந்து, அக்கினியை மூன்று தரம் வலம் வரச் சொன்னார். புகையில் குங்கிலிய வாசனை. எனக்குப் பின்னால் சின்னச் சின்ன அடி. இரண்டாம் சுற்றில் அந்த அடிகள் தடுமாறின. திரும்பிப் பார்த்தேன். தலை குனிந்திருந்த மணப்பெண்ணின் தோள்கள் குலுங்கின. சபையில் இருந்தவர்கள் பெற்றோரைப் பிரிகிற துக்கம் என்று நினைத்தார்கள். எதிரே நின்ற அம்பலவாணர் தம் சால்வையை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து இன்றுவரை, எங்கள் வீட்டுக்கு முதல்முறை வரும் யாருக்கும் காப்பி கொடுத்து முடித்ததும் என் மனைவி மிகவும் சாதாரணமாகச் சொல்வாள்: "நான் இவருக்கு ரெண்டாந்தாரம், பாருங்கோ."

வந்தவர்கள் என்னைப் பார்ப்பார்கள். காப்பியைப் பார்ப்பார்கள். ஒருவராவது, "ஐயோ, மூத்தவ இறந்திட்டாவோ?" என்று கேட்பார்கள்.

"மூத்தவ இல்லை, மூத்தவர்," என்பாள் நாகம்மா. "சால்வையில முடிச்சு, குங்கிலிய வாசம், மூண்டு சுத்து, சாட்சிக்கு ஒரு கந்தோரே நிண்டது. எங்கட அப்பா."